போலந்துச் சித்தப்பா

சினிமாப் பாட்டுக்குச் சொந்தக்காரன் ஒருத்தன் இருக்கிறான் என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. கிளியனூர்ப் பக்கம் ரேடியோ செட் வைத்துப் பிழைக்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுவது, சாவு, எதுவானாலும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவேன். குழாயை மரத்தில் கட்டிவிட்டால் பாட்டு ஊருக்குச் சொந்தம். அப்படித்தான் நான் நினைத்திருந்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்திருந்தது. எழுதினவர், பாடினவர், படம் எடுத்தவர் யாரும் வந்து எங்கள் மரத்தைப் பார்த்ததில்லை.

ஏழாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பேச்சும் குறைச்சல். மைக்கில் மட்டும் பேசுவேன். அதுவும் என் பேச்சு இல்லை. யார் என்ன சீர் வைத்தார்கள் என்று எழுதிக் கொடுப்பார்கள், படிப்பேன். "மைக்கை வாய்கிட்ட வெச்சாத்தான் இந்த ஆளுக்கு வாய் தெறக்கும். வீட்ல ஒண்ணு மாட்டி வுடணும்" என்று என் மனைவி வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வாள்.

லைவ் கொண்டுவந்தவள் அவள்தான். எங்கள் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் குவைத்திலோ துபாயிலோ இருக்கிறார்கள். விசேஷம் நடக்க நடக்க அவர்கள் போனிலேயே பார்க்கிற மாதிரி காட்டலாம் என்றாள்.

"டெண்ட்டு வெச்சிருந்தவன் சேர் வெச்சான். சேர் வெச்சவன் சமையலும் எடுத்துக்கினான். நீ இன்னும் குழாயத் தூக்கிக்கினு ஏணில ஏறிக்கினு இரு."

விழுப்புரம் போய் நல்ல கேமரா உள்ள போன் ஒன்றும் மூன்று கால் ஸ்டாண்டு ஒன்றும் வாங்கி வந்தாள். போன் அவள் பொறுப்பு. சத்தம் என் பொறுப்பு என்று ஆயிற்று.

ஆரம்பத்தில் காதுகுத்து, வளைகாப்பு என்று சின்னச் சின்னதாகக் காட்டினோம். நடுவில் அறுந்துபோகும். டவர் இல்லை என்று சொல்லிவிடுவோம். எங்கள் ஊரில் எதற்கும் டவரைச் சொல்லலாம். அது வந்து பதில் பேசாது.

பிறகு ஒரு சாவு வந்தது. பெரியவர் போய்விட்டார். மூத்த மகன் குவைத்தில் ஏதோ கம்பெனியில் ஏசி மெக்கானிக். டிக்கெட் கிடைத்தாலும் கம்பெனி விடவில்லை. தம்பி கொள்ளி வைக்கட்டும், நான் லைவில் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஐஸ் பெட்டிக்கு எதிரே ஸ்டாண்டைப் போட்டோம். அவர் அங்கே வேலை செய்கிற கட்டடத்து மாடியில் உட்கார்ந்து பார்த்தார். நான் வழக்கம்போலச் சாவு வீட்டுக்கு என்று வைத்திருக்கிற பாட்டுகளைப் போட்டேன். எல்லாம் சினிமாப் பாட்டு. ஊரே அழுதது. பெட்டியிலிருந்து எடுத்து, குளிப்பாட்டி, வாய்க்கரிசி போட உட்கார்ந்தார்கள். முகத்தை மூடப்போகிற நேரம். போனில் படம் போய்க் கறுப்பாகிவிட்டது. இங்கிலீஷில் ஏதோ எழுதியிருந்தது.

இந்தத் தடவை காரணம் டவர் இல்லை, பாட்டு. லைவ் காட்டுகிற கம்பெனிக்காரன் மிஷினை வைத்துக் கேட்டுக்கொண்டே இருக்கிறான். சொந்தக்காரன் உள்ள பாட்டு ஓடினால் நிறுத்திவிடுகிறான். சாவா கல்யாணமா என்று அவனுக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் குவைத்திலிருந்து போன் வந்தது. நான் எடுத்தேன்.

"அண்ணே, மொகம் மூடினாங்களா?"

"மூடிட்டாங்க தம்பி."

"சரிண்ணே."

வைத்துவிட்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று மனைவி சொன்னாள். நான் குழாயைக் கழுவி வைத்தேன். குழாயை யாரும் கழுவுவதில்லை.

அதே மனிதர் மறுபடி போன் செய்தது அவர் மகள் வயதுக்கு வந்தபோது. மஞ்சள் நீராட்டு விழா வைக்க வேண்டும். திண்டிவனத்தில் மண்டபம் சொல்லியாகிவிட்டது. அங்கே டவர் நன்றாக இருக்கும். இவருக்கு இந்த முறையும் லீவு இல்லை. மகளை நேரில் பார்த்து மூன்று வருஷம் ஆகிறது.

"அண்ணே, நீங்கதான் லைவ் போடணும்."

"என்னையா?"

"எங்க கட் ஆவும்னு உங்களுக்குத்தான தெரியும்."

இதைவிட நல்ல பேர் இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்ததில்லை.

"அப்பன் மொகத்தத்தான் பாக்கல. பொண்ணு மாலையோட நிக்கறதயாவது பாக்கணும்ணே. அது ஒண்ணுதான்."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எப்படி என்று யோசித்தேன். பாட்டே போடாமல் சடங்கு நடத்த முடியாது. சாவு வீடாவது சும்மா இருக்கும். சடங்கு வீடு சும்மா இருந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று பேசுவார்கள். மேளம் வைக்கலாம். மேளக்காரரும் சினிமாப் பாட்டைத்தான் வாசிப்பார், அதையும் மிஷின் பிடித்துக்கொள்ளும். அதனால் மேளம் வேண்டாம் என்று பெண்ணின் அம்மாவிடம் சொன்னேன். அந்தம்மா தன் அண்ணனிடம் சொன்னார். தாய்மாமன் மேளத்தோடு வருவதுதான் முறை. பெருமுக்கலில் இருந்த அவருக்கு அன்றைக்கே என்மேல் கோபம் வந்துவிட்டது. எனக்கு அது அப்போது தெரியாது.

போனில் வாயால் சொல்லித் தேடினேன். "காசு கேக்காத பாட்டு." தமிழில்தான் கேட்டேன். வந்ததைப் பார்த்தால் ஒரு தனி உலகம்.

எந்தப் படத்திலும் வராத பாட்டுகள். எந்தக் கம்பெனியிலும் இல்லாத ஆட்கள். வீட்டில் உட்கார்ந்து தாங்களே பாடி, தாங்களே வாசித்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் மழைச் சத்தத்தைப் பிடித்து அதன்மேல் ஏதோ வாசிக்கிறாள். ஒருத்தன் காலிக் குடங்களைத் தட்டுகிறான், நன்றாகத் தட்டுகிறான். ஒருத்தன் தன் நாயைப் பற்றியே பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறான். நாய் செத்துவிட்டது என்று கடைசிப் பாட்டில் எனக்கே புரிந்தது, பாஷை தெரியாவிட்டாலும். தமிழ்ப் பையன் ஒருவனும் இருந்தான். வேலை கிடைக்காததைப் பற்றிப் பாடியிருந்தான். நல்ல குரல். சடங்கு வீட்டில் போட முடியாது.

"ஃப்ரீயாவா குடுக்கறான்?" என்றாள் மனைவி.

"ஆமா."

"இன்னா நோவு அவனுக்கு?"

எனக்கும் அதே சந்தேகம்தான். எங்கள் வீட்டில் மிக்சி இலவசம், ஃபேன் இலவசம். கொடுத்தவர் முகம் அதில் ஒட்டியிருக்கும். மாவரைக்கும்போதெல்லாம் சிரிப்பார். இந்த ஆட்கள் முகம்கூட ஒட்டவில்லை. ஓட்டும் கேட்கவில்லை. எங்கே மாட்டிவிடப் போகிறார்களோ என்று பயந்து பயந்து கேட்டேன். மத்தியானத்தில் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டே கேட்டேன். அப்படியே பழகிவிட்டது. இரண்டு நாள் கேட்கவில்லை என்றால் அந்த மழைக்காரி எப்படி இருக்கிறாளோ என்று இருந்தது.

இலவசம் என்று எழுதியிருந்தாலும் மிஷின் ஒத்துக்கொள்ள வேண்டுமே. அதைப் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தோம். கொட்டகையில் எங்கள் மாட்டுக்கு எதிரே ஸ்டாண்டைப் போட்டு, லைவ் விட்டு, பக்கத்தில் பாட்டைப் போடுவது. கறுப்பாகாவிட்டால் அந்தப் பாட்டு பாஸ். மாடு அசை போட்டுக்கொண்டே உலகத்துப் பாட்டெல்லாம் கேட்டது. அதையும் யாரோ பார்த்தார்கள். "எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று ஒருத்தர் எழுதினார். "விலைக்கா?" என்று இன்னொருத்தர். பாட்டைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை.

நிறையப் பாட்டு பாஸ் ஆயிற்று. ஆனால் மாலை போடும் நேரத்துக்கு ஒன்றும் அமையவில்லை. எல்லாம் யாரோ ஊரைவிட்டுப் போகிற மாதிரியே இருந்தன. தேடித் தேடிக் கடைசியில் ஒருத்தர் கிடைத்தார். போலந்து நாட்டுக்காரர். தலை வழுக்கை. அடுப்பங்கரையில் நின்று டிரம்பெட் ஊதுகிறார். பின்னால் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது. கூட யாரோ தவில் மாதிரி ஒன்றை அடிக்கிறார்கள். முகூர்த்த வீட்டு மேளத்தை நாலு வீடு தள்ளி நின்று கேட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. மனைவி கேட்டுவிட்டு, "இதான்யா. இதப் போட்டா பொண்ணுக்கு மாலை தானா வுழும்" என்றாள். மாடும் அந்தப் பாட்டுக்குக் காதை ஆட்டியது. அது ஈக்காகவும் இருக்கலாம்.

அவர் பாட்டுக்குக் கீழே இரண்டு வரி எழுதியிருந்தது. போனையே தமிழில் படிக்கச் சொன்னேன். பாட்டை யாரும் எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம், பாட்டுப் போடும்போது என் பேரைச் சொன்னால் போதும் என்று இருந்தது.

எனக்கு அது நியாயமாகப் பட்டது. பேர் சொல்வதுதானே என் தொழில். குத்துவிளக்கு வைத்தவர் பேரைச் சொல்கிறோம், குடம் வைத்தவர் பேரைச் சொல்கிறோம். பாட்டு வைத்தவர் பேரைச் சொல்ல என்ன? அவர் பேரை இங்கே எழுதவில்லை. எழுதினால் தப்பாகத்தான் எழுதுவேன். மைக்கில் தப்பில்லாமல் சொல்ல, போனை அதைச் சொல்லவைத்து, கூடவே சொல்லிச் சொல்லிப் பழகினேன். மனைவி வாசலில் நின்று, "நம்ப புள்ளைங்களுக்குப் பேர் வெச்சப்பகூட இந்த ஆளு இவ்ளோ பாடுபடல" என்று தெருவுக்கே சொன்னாள்.

விழா அன்று காலையிலேயே மண்டபத்தில் செட் கட்டிவிட்டேன். மேடைக்கு எதிரே ஸ்டாண்டு. லைவ் ஓட ஆரம்பித்தது. குவைத்தில் அவர் ஆன்லைனில் வந்து "வணக்கம் அண்ணா" என்று எழுதினார். அன்றைக்கு அவருக்கு ஒரு நாள் லீவு கொடுத்திருந்தார்கள். ஊருக்கு வர மட்டும் கொடுக்கவில்லை.

மழைக்காரியைப் போட்டேன். குடக்காரனைப் போட்டேன். சொந்தக்காரர்கள் டிபன் சாப்பிட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார்கள்.

"இன்னா செட்டுக்காரரே, சர்ச்சுக்குப் போற செட்ட இங்க மாத்தி எறக்கிட்டியா?"

"சர்ச்சுலகூட நல்லா டப்பாங்குத்து போடறாங்க மாமா. இது ஆஸ்பத்திரி."

"மழ பெய்யற சத்தம் கேக்குது. தொவச்ச துணி மாடில கெடக்குதே" என்று ஒரு அம்மா நிஜமாகவே எழுந்து வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

மனைவி எல்லோருக்கும் சொன்னாள். "அந்தத் தம்பி குவைத்துல இருந்து பாக்கறாரு. இந்தப் பாட்டுன்னாதான் கட் ஆவாது. கம்னு சாப்புடுங்க." கொஞ்சம் பேர் போனைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள். பந்தி பிந்திப் போகிறது என்று ஒருத்தர் போனிடமே புகார் செய்தார்.

பெண்ணை அலங்காரம் செய்து மேடையில் உட்காரவைத்தார்கள். தாய்மாமன் சீர் வர வேண்டும். அவர் கொண்டுவரும் சேலையைக் கட்டிக்கொண்டு, அவர் கையால் முதல் மாலை போட்ட பிறகுதான் மற்றவர்கள் எல்லாம். இதில் மாற்றமே கிடையாது. மண்டபத்து வாசலில் வெடி வெடித்தது. தட்டுத் தட்டாகச் சீர் வண்டியிலிருந்து இறங்கியது. மாமன் வருகிற நேரம் டிரம்பெட் ஆரம்பிக்க வேண்டும். பாட்டு ஆரம்பிக்கும் முன்னால் பேர் சொல்ல வேண்டும். நான் மைக்கை எடுத்தேன்.

"இந்த மஞ்சள் நீராட்டு விழாவுக்கு இனிய இசையை அன்பளிப்பாக வழங்கியவர், போலந்து நாட்டைச் சேர்ந்த..."

பேரைச் சொன்னேன். தப்பில்லாமல்தான் சொன்னேன். பழகினது வீண் போகவில்லை. டிரம்பெட் ஆரம்பித்தது.

மாமன் வாசப்படியில் நின்றுவிட்டார். பின்னால் தட்டு தூக்கி வந்த பெண்களும் நின்றுவிட்டார்கள். ஒருத்தர் தட்டிலிருந்த வாழைப்பழம் உருண்டு உள்ளே வந்தது. அது மட்டும்தான் வந்தது.

"எவன்யா அவன்?"

மாமன் சேர் சேராகத் தேடிப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி சீர் வெச்சவன் எவன்? போலந்தாமே? எங்க ஒக்காந்துக்கினு கீறான் அந்த மாமன்? எழுந்து வரச் சொல்லு."

பாட்டை நிறுத்தினேன். நிறுத்தியது இன்னும் மோசமாகிவிட்டது. இப்போது அவர் பேசுவது மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மேளம் வேணாம்னீங்க. சரின்னு மேளம் இல்லாத வந்தேன். பொணத்துக்கு வர்றவன் மாதிரி வந்தேன். இங்க வந்தா எவனோ வெளிநாட்டுக்காரன் பேரு மொதல்ல. நான் எதுக்கு? தட்டத் திருப்புங்க. வண்டில ஏத்துங்க."

பெண்ணின் அம்மா ஓடினார். "அண்ணா, அண்ணா" என்று கையைப் பிடித்தார். மேடையில் பெண் எழுந்து நின்றுவிட்டது. நான் மைக்கை வைத்துவிட்டு வாசலுக்குப் போனேன். மைக் இல்லாமலே பேசினேன்.

"அவரு வரலீங்க. பாட்டுதான் குடுத்தாரு. பேரச் சொல்லச் சொன்னாரு."

"பாட்டு குடுத்தா? பாட்டு நான் குடுக்க மாட்டனா?" சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து என் கையில் வைத்தார். "மாமன் பாட்டு. எல்லாம் இதுல கீது. நான் படில கால் வெக்கும்போது இது ஓடணும். ஊர்ல அத்தினி மாமனுக்கும் ஓடுது. எனக்கு மட்டும் இன்னா?"

கேட்டது நியாயம்தான். மாமன் என்றால் இன்ன இன்ன பாட்டு என்று எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அது ஓடாமல் மாலை போட்டால் மாமன் வாயே திறக்காமல் போன மாதிரி. எல்லாம் சினிமாப் பாட்டு. எல்லாவற்றுக்கும் சொந்தக்காரன் இருக்கிறான்.

"இதப் போட்டா லைவ் நின்னுடுங்க" என்றேன்.

"நிக்கட்டும்."

"உங்க மாப்ள பாக்க முடியாது."

"அப்புறம் வீடியோல பாக்கட்டும்."

"அவங்க அப்பா மொகத்தயும் அப்பிடித்தான் அப்புறம் பாத்தாரு."

இதை நான் சொன்னேனா, என் மனைவி சொன்னாளா என்று இப்போது சரியாக ஞாபகமில்லை. அவள்தான் சொல்லியிருப்பாள். அந்தச் சாவில் மாமனும் இருந்தார். முகம் மூடும்போது துணியின் ஒரு முனையை அவர்தான் பிடித்திருந்தார்.

ஆனாலும் காலை எடுத்துப் படியில் வைக்கவில்லை. பின்னால் அவர் ஊர்க்காரர்கள் நின்றார்கள். அவர்கள் முன்னால் சும்மா உள்ளே வந்துவிட முடியாது. ஏதாவது ஒன்று அவருக்குக் கிடைக்க வேண்டும். இது எல்லோருக்கும் புரிந்தது. என்ன கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.

மனைவி போனை ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள். லைவ் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, மாமன் நீங்க ஒருத்தர்தான்" என்றாள். "அதுல மாத்திப் பேச யாரு இருக்கா? அந்த போலந்து ஆளு மாமனே இல்ல. எங்க வீட்டு மனுசன் பேரச் சொன்னாரே தவிர மொறையச் சொல்லல. அதான் தப்பு. மொறையச் சொல்லியிருந்தா உங்களுக்குக் கோவமே வந்திருக்காது."

"இன்னா மொற?"

"அப்பா வழி. பங்காளி. சித்தப்பா மொற. சித்தப்பன் பாட்டு குடுக்கலாம், பந்தல் குடுக்கலாம். மாமன் சீரத் தொட முடியுமா? மாமன் மாலைக்கு அப்புறந்தான் சித்தப்பன்."

மாமன் யோசித்தார். அவர் பின்னால் நின்ற ஒருவர், "சித்தப்பன்னா பரவால்ல" என்றார்.

"அவங்க சைடுல யாராச்சும் ஒத்துக்கினாங்களா இதுக்கு?" என்று கேட்டார் மாமன். "கண்டவன எல்லாம் பங்காளின்னா நாளைக்கு நெலத்துல பங்கு கேப்பான்."

அதற்குப் பதில் போனில் எழுத்தாக வந்தது. குவைத்திலிருந்து. லைவ் கொஞ்சம் பிந்தித்தான் அங்கே போகும். நாம் பேசியது போய்ச் சேர்ந்து அவர் பதில் எழுதி வர நேரம் ஆகும். மனைவி சத்தமாகப் படித்தாள்.

"மச்சான், அவரு எங்க சைடுதான். நான் ஒத்துக்கறேன். நீங்க உள்ள வாங்க."

கொஞ்சம் கழித்து இன்னொன்று வந்தது.

"பாப்பா நிக்குது. கால் வலிக்கும்."

மாமன் திரும்பி மேடையைப் பார்த்தார். பெண் நின்றுகொண்டுதான் இருந்தது. பட்டுப் பாவாடையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றது.

"என் பேர மூணு வாட்டி சொல்லு" என்றார் என்னிடம். "ஊர் பேரோட. அவன் பேரு கடைசில."

சரி என்றேன். போலந்துக்காரர் பேரைச் சொல்லத்தான் சொல்லியிருந்தார். வரிசையைப் பற்றி அந்த இரண்டு வரியில் ஒன்றும் இல்லை.

"பென் டிரைவு?"

"லைவ் முடிஞ்சதும் போடறேங்க. மொதப் பாட்டே உங்களுது."

அவர் படியேறினார். பெருமுக்கல் என்று ஊரைச் சொல்லி, அவர் அப்பா பேரைச் சொல்லி, அவர் பேரை மூன்று முறை சொன்னேன். டிரம்பெட்டைப் போட்டேன். பெண் மாமன் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தது. அவர் மாலை போட்டார். போடும்போது மாலை பெண்ணின் ஜடைப் பூவில் மாட்டிக்கொண்டது. எடுத்துச் சரியாகப் போட்டார். அந்தப் போலந்துப் பாட்டு எதையும் பார்த்து நிற்காமல் ஓடியது. அதில் நடுவே டிரம்பெட் மேலே ஏறும் இடம் ஒன்று உண்டு. சரியாக அந்த இடத்தில் ஏன் அழுகிறோம் என்று தெரியாமல் மாமன் அழுதார். மனைவி மேடைக்குப் பக்கத்தில் நின்று படத்தை அசையாமல் பிடித்தாள். கறுப்பாகவில்லை.

கடைசியில் சொன்னேன். "பெண்ணின் தகப்பனார் வழியில், சித்தப்பா முறை, போலந்து நாட்டைச் சேர்ந்த..." ஜனம் கைதட்டியது. ஒரு வயதான அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "எந்த சித்தப்பன்? குவைத்துல கூட வேல செய்யறவனா?" என்று கேட்டார். "ஆமா" என்று அவர் சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டுக்குச் சித்தப்பா பாட்டு என்றே பேர் ஆகிவிட்டது. கிளியனூரிலிருந்து இரும்பை கிராமம் வரைக்கும் நான் போகிற விசேஷத்தில் எல்லாம் கேட்கிறார்கள். லைவ் இல்லாத இடத்திலும் கேட்கிறார்கள். எனக்கு அது கொஞ்சம் பேஜார்தான். ஒவ்வொரு தடவையும் பேர் சொல்ல வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் முறை கேட்கிறார்கள். ஒரு வீட்டில் பெரியப்பா ஆனார். ஒரு வீட்டில் பங்காளிச் சண்டை நடந்துகொண்டிருந்ததால் நண்பர் என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். இதையெல்லாம் அவருக்கு எழுதலாம் என்று மனைவி சொன்னாள். போனில் வாயால் சொல்லி, அதை அவர் பாஷைக்கு மாற்றி அனுப்பினேன். "உங்கள் பேரைச் சொல்லிவிட்டோம். சித்தப்பா முறை." பதிலாக ஒரு சின்னப் பொம்மை வந்தது. கைகூப்புகிற பொம்மை. அவர் புரிந்துகொண்டாரா என்று தெரியாது. நானும் அவரைப் புரிந்துகொண்டேன் என்று சொல்ல முடியாது.

விழா அன்றைக்கு மாலை போடுவது, ஆரத்தி, போட்டோ எல்லாம் முடிந்து பந்தியும் முடிந்தது. மாமன் என்னிடம் வந்தார்.

"முடிஞ்சுதா? என் பாட்டப் போடு."

போனைப் பார்த்தேன். எல்லோரும் போய்விட்டார்கள். பார்க்கிறவர் ஒருத்தர் என்று காட்டியது.

"மாப்ள இன்னும் போவலீங்க."

"இன்னாத்தப் பாக்கறாரு? எல்லாம் ஆயிடுச்சே."

தெரியவில்லை என்றேன். மண்டபத்துக்காரர் சேர்களை அடுக்க ஆரம்பித்துவிட்டார். போனுக்கு எதிரே மேடையில் ஒன்றுமில்லை. ஜோடனை அவிழ்ந்து தொங்கியது. மனைவி போனில், "தம்பி, முடிஞ்சிடுச்சுப்பா. ஆஃப் பண்ணட்டா?" என்று கேட்டாள். பிந்தித்தான் பதில் வந்தது.

"இருக்கட்டும் அண்ணி. பேட்டரி இருக்கறவரைக்கும் இருக்கட்டும்."

மாமன் ஒரு சேரை இழுத்துப் போட்டுப் போனுக்குப் பின்னால், எழுத்து தெரிகிற பக்கம் உட்கார்ந்தார். பாட்டைப் பற்றி மறுபடி கேட்கவில்லை.

"சாப்ட்டியா மாப்ள?"

பதில் வருவதற்குள் அவர் தலையைத் திருப்பி யாரையோ, "ஜல்தி தட்டெல்லாம் எண்ணி ஏத்துங்கடா" என்று கத்தினார். திரும்பிப் பார்த்தபோது, "சாப்ட்டேன் மச்சான்" என்று வந்திருந்தது. இருவரும் சும்மா இருந்தார்கள். நான் மழைக்காரியை மெதுவாகப் போட்டேன். சும்மா இருந்தாலும் லைவுக்கு ஏதாவது ஓட வேண்டும்.

சாப்பாட்டுக்கூடத்தின் கதவு மேடைக்குப் பக்கவாட்டில். அங்கே பெண் சாப்பிட உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அதற்கு யாரும் சோறு கொடுக்கவில்லை. நகையையும் மாலையையும் கழற்றிவிட்டு, பழைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு, அப்பளத்தை உடைத்து ரசத்தில் போட்டுக்கொண்டிருந்தது. நெற்றியில் சந்தனம் பாதி அழிந்திருந்தது. பக்கத்தில் இருந்த தோழியிடம் ஏதோ சொல்லி, வாயில் சோற்றோடு சிரித்தது. போனைப் பற்றி அதற்கு நினைவே இல்லை.

கேமரா காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஓரத்தில் அந்தக் கதவில் பாதி தெரிந்தது. பெண்ணின் ஒரு கையும் இலையும் தெரிந்தன. குவைத்துக்காரர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நான் போய் ஸ்டாண்டை அந்தக் கதவுப் பக்கம் கொஞ்சம் திருப்பினேன்.

"இன்னாய்யா பண்ற?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல."